சோழவரம் பைக் ரேஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சோழவரம் என்று பேச்செடுத்தால் போதும், கல்யாணப் பந்தியோ டீக்கடையோ, கேள்விகள் ஒரே வரிசையில் வந்து விழும். வயதானவர்கள் பாதி ஞாபகத்தோடு கேட்பார்கள். பசங்க பாதி நம்பாமல் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கார் ரேஸைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கண் எப்போதும் பைக் மேல்தான், அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

சோழவரம்னா ஏரிதானே? அங்க எங்கிருந்து ரேஸ் வந்துச்சு?

ஏரியும் அதே ஊர்தான். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகளில் ஒன்று. கொள்ளளவு 1081 மில்லியன் கன அடி என்று கோடைக்குக் கோடை செய்தியில் வாசிப்பார்களே, அதுதான். ரேஸ் நடந்தது அந்த வட்டாரத்தில் சும்மா கிடந்த ஒரு பழைய விமான ஓடுதளத்தில். மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம் என்று ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போனால் வரும் ஊர். 1950களில் தொடங்கி 1980களின் கடைசி வரைக்கும், மெட்ராஸில் ரேஸ் என்று ஒருவர் சொன்னால் ஒன்று கிண்டிக் குதிரை, இல்லையென்றால் சோழவரம்.

ஓடுதளத்தை யார் போட்டாங்க? நிஜமாவே ஏரோப்ளேன் இறங்குச்சா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள். அதே வாரத்தில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அடி வாங்கின. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. அந்தப் போரில் தென்னிந்தியாவில் அங்கங்கே ராணுவ விமானத்தளங்கள் முளைத்தன. சோழவரம் அவற்றில் ஒன்று. போர் முடிந்ததும் வேலை இல்லாமல் போனது. அகலமான, தட்டையான, நிழலே இல்லாத ஒரு நீளத் தரை மட்டும் மிஞ்சியது. வண்டிப் பைத்தியங்களுக்கு அது போதாதா?

யார் நடத்தினது? பெட் கட்டுற ரேஸா?

பெட் இல்லை, பந்தயப் பணம் இல்லை. குதிரைப் பந்தயத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. கிளப்பைக் கட்டி எழுப்பியவர்களில் இந்து சந்தோக் பெயர் முக்கியமானது. பின்னாளில் ஃபார்முலா ஒன் ஓட்டிய கருண் சந்தோக்கின் தாத்தா. 1971இல் அகில இந்திய அளவில் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு வந்தபோதும் மெட்ராஸ்காரர்களின் கை அதில் இருந்தது.

பெரிய ரேஸ் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். மழையும் போயிருக்கும், வெயிலும் முழுதாகக் கொளுத்த ஆரம்பித்திருக்காது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோயம்புத்தூர் என்று எங்கிருந்தோ லாரியில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். காருக்கும் பைக்குக்கும் தனித்தனிப் போட்டிகள், ஒரே இடத்தில், மாற்றி மாற்றி.

டிராக் எப்படி இருக்கும்? வட்டமா?

இல்லை. ஓடுதளங்கள் ஆங்கில T எழுத்து மாதிரி ஒன்றோடொன்று சேரும். அதன் மேல்தான் பாதையைக் குறித்திருந்தார்கள். ஒரு கோடிக்கு நேராகப் போ, இறுக்கமாகத் திரும்பு, திரும்பி வா என்பதுதான் அடிப்படை. விமானத்துக்காகப் போட்ட தரை என்பதால் சாய்வு கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. பள்ளிக்கூடக் கிரவுண்டில் கோடு போட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது போலத்தான்; எல்லை எது என்பதை டிரம்மும் டயரும் வைக்கோல் கட்டும் சொல்லும்.

கேட்கும்போது சப்பென்று இருக்கும். பார்க்கும்போது அப்படி இல்லை. நேர்ப்பாதை நீளம் என்பதால் இன்ஜினின் முழு சக்தியும் வெளியே வந்துவிடும், ஒளிக்க முடியாது. அதன் முடிவில் வேகத்தைக் கொன்றாக வேண்டும். சோழவரத்தில் ஜெயித்ததும் தோற்றதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. நீள நேர்ப்பாதையில் முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அந்த மறைவில் காற்றின் எதிர்ப்பு குறைவு. கடைசி நூறு இருநூறு அடியில் வெளியே வந்து தாண்டிவிடுவான். சின்ன வண்டிகளின் போட்டியில் நாலைந்து பேர் கொத்தாகவே வருவதற்கு இதுதான் காரணம். அந்தக் கொத்தைப் பார்ப்பதில் இருந்த சுகம் எந்த ஃபாரின் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வெளிநாட்டுல ஸ்பீட்வேனு ஒன்னு காட்றாங்களே, மண்ணுல சறுக்கிக்கிட்டே போவாங்க. அதுவா இது?

அது வேறு ஜாதி. ஸ்பீட்வேயில் நீள்வட்ட மண் பாதை, ஒரு ஓட்டத்துக்கு நாலு பேர், நாலு சுற்று. 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. எப்போதும் இடது பக்கம்தான் திரும்புவார்கள், பின் சக்கரத்தைச் சறுக்க விட்டுக்கொண்டே.

சோழவரம் ரோடு ரேஸ். கியர் உண்டு, பிரேக் உண்டு, இரண்டு பக்கமும் திருப்பம் உண்டு. கோயம்புத்தூர்க்காரர்கள் உடனே "எங்க ஊர்ல ஸ்பீட்வே இருக்கே" என்பார்கள். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே பெயரில்தான் அப்படி. அதுவும் தார்ப்பாதை ரோடு ரேஸ் சர்க்யூட்தான்.

என்னென்ன வண்டி ஓடுச்சு?

ஆரம்ப காலத்தில் பிரிட்டிஷ் வண்டிகள்: நார்ட்டன், டிரையம்ப், பிஎஸ்ஏ. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் ராணுவ அதிகாரிகளும் வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகளும் ஓட்டினார்கள். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. புல்லட் நம்ம வடசென்னை வண்டி ஆனது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக இறுக, வெளிநாட்டு வண்டிகளுக்கு ஸ்பேர் கிடைக்காமல் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பிறகு ஜாவா, யெஸ்டி காலம். மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த 250 சிசி டூ ஸ்ட்ரோக். ஒற்றை சிலிண்டர்தான், ஆனால் புகை போக இரண்டு வழி, இரண்டு சைலன்சர். கிக்கரையே மடக்கினால் கியர் லீவர். அதைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் அந்தக் காலத்தில் மெக்கானிக்கே இல்லை. ராஜ்தூத் 175உம் ஓடியது.

1980களில் ஆட்டம் மாறியது. 1983இல் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350தான், ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் செய்தது, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் யமஹாவின் ஆர்எக்ஸ் 100, அடுத்து கவாசாகி பஜாஜ். திடீரென்று நடுத்தர வீட்டுப் பையன் ஒருவன் காலேஜுக்குப் போகும் வண்டியிலேயே ரேஸையும் நினைத்துப் பார்க்க முடிந்தது. டிவிஎஸ் தன் ரேஸிங் அணியைத் தொடங்கியதும் இதே பத்தாண்டில்தான், 1982இல்.

கடைல வாங்குன வண்டியை அப்படியேவா ஓட்டினாங்க?

பெரும்பாலும் மாற்றம் செய்யாத வண்டிகளுக்கான போட்டியும் இருந்தது. ஆனால் சோழவரத்தின் உயிர், மாற்றிய வண்டியில்தான். ஃபாரினிலிருந்து ரேஸ் வண்டி வரவழைக்க வழியில்லை. பஜாஜ் ஸ்கூட்டருக்கே வருடக்கணக்கில் காத்திருந்த நாடு இது. அதனால் பால்காரர் ஓட்டும் வண்டியை எடுத்து ரேஸ் வண்டி ஆக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் ஏறி இறங்கும் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். அந்த ஓட்டைகளின் உயரத்தையும் அகலத்தையும் அரத்தால் அராவி மாற்றினால் இன்ஜினின் குணமே மாறிவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் சிலிண்டர் குப்பைக்கு. அடுத்து ஹெட்டை லேத்தில் கடைந்து கம்ப்ரஷன் ஏற்றுவது. அடுத்து சைலன்சர்: தகட்டை வெட்டி, கூம்பு கூம்பாக உருட்டி, கேஸ் வெல்டிங்கில் ஒட்டி, நடுவில் வயிறு பெருத்த ஒரு குழாய். வெளியே போகும் புகையின் அழுத்த அலை அந்தக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பிக்கப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளே தள்ளும். கூம்பின் நீளம் சரியாக இருந்தால் வண்டி பறக்கும். தப்பினால் சத்தம் மட்டும்தான்.

கடைசியாக ஜெட்டிங். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைதான் ஜெட். பெரிய ஜெட் போட்டால் பெட்ரோல் கூடி வண்டி மந்தமாகும். சின்னது போட்டால் கலவை மெலிந்து, வேகம் வரும், கூடவே சூடும் வரும். நேர்ப்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து, கிளட்ச் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பொன்னிறமான பழுப்பு என்றால் சரி. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் பிஸ்டன் ஆபத்தில் இருக்கிறது. ரேஸுக்கு முந்தின நாள் பயிற்சியின்போது இப்படி ஓரமாக உட்கார்ந்து பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆட்களைத்தான் நான் அதிகம் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

எங்க சித்தப்பா "அந்த வாசனை, அந்த வாசனை"னு உருகறார். என்ன வாசனை அது?

விளக்கெண்ணெய். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுவார்கள். ரேஸ் வண்டிகளுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த ரேஸிங் ஆயிலைப் பலர் விரும்பினார்கள். சாதா மினரல் எண்ணெய் கருகிப்போகும் சூட்டிலும் அது உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எரியும்போது கொஞ்சம் இனிப்பான, கனமான ஒரு வாசனை. பேதிக்குக் கொடுக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்ட அதே பிள்ளைகள் இங்கே மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.

தொல்லையும் உண்டு. சாதா எண்ணெயோடு சேராது, உள்ளே பிசின் மாதிரி படியும். ரேஸ் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துக் கழுவாமல் விட்டால் அடுத்த தடவை தலைவலி.

இதெல்லாம் எந்தக் காலேஜ்ல கத்துக்கிட்டாங்க?

பட்டறையில். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் கிடைக்காத சாமான் கிடையாது. கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு கை கூடுதல். பம்பு செட்டும் மில் இயந்திரமும் செய்த ஊர், வார்ப்படமும் கடைசலும் தெருவுக்குத் தெரு. மைசூர்க்காரர்களுக்கு ஜாவா தொழிற்சாலையே பக்கத்து வீடு.

எனக்கு இதில் ஒரு தீராத குறை உண்டு. ஜெயித்தவர் பெயர் கோப்பையில் இருக்கிறது, பேப்பரில் இருக்கிறது. அந்த சிலிண்டரை அராவியவர் பெயர் எங்கேயும் இல்லை. அளவுகளை நோட்டில் எழுதும் வழக்கமும் குறைவு. எழுதினால் அடுத்த பட்டறைக்காரன் பார்த்துவிடுவான் என்ற பயம். அதனால் வித்தை கையிலேயே இருந்து கையோடு போனது. சோழவரம் என்றால் ரைடர்களின் களம் என்று எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது மெக்கானிக்குகளின் பரீட்சை. ரைடர் அதை எழுதிக் கொடுத்த ஆள்.

ஆர்எக்ஸ் 100ல 200 தொட்டாங்கன்னு மாமா சொல்றார். உண்மையா?

மாமாவை மதியுங்கள், 200ஐ நம்பாதீர்கள். கடையிலிருந்து வரும் ஆர்எக்ஸ் 100இன் சக்தி 11 குதிரை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே காற்றோடு சண்டை போட வேண்டும். வேகம் இரட்டிப்பானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். அராவி, கடைந்து, கூம்பு வைத்து அந்த 11ஐ இரட்டிப்பாக்கினாலும் 200 கணக்கில் வராது. ரேஸ் வண்டியில் ஸ்பீடோமீட்டரையே கழற்றிவிடுவார்கள் என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். கணக்கெல்லாம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதுதான்.

30 குதிரைச் சக்தி கொண்ட ஆர்டி 350 வேறு கதை. அது வாங்கிய நிலையிலேயே 140, 150ஐ நெருங்கும். நல்ல கை பட்டால் அதற்கும் மேலே போகும்.

அவ்ளோ வேகத்துல போய் எப்படி நிறுத்தினாங்க? அப்ப டிஸ்க் பிரேக் இருந்துச்சா?

இல்லை, அங்கேதான் வயிற்றைக் கலக்கும். ஜப்பானில் டிஸ்க் பிரேக்கோடு வந்த ஆர்டி 350, இங்கே விலையைக் குறைக்க முன்னாலும் டிரம் பிரேக்கோடு வந்தது. டிரம் சூடானால் பிடிப்பு தளரும். நாலாவது ஐந்தாவது சுற்றில் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கும் அவ்வளவாகக் கிடைக்காது. டிரம்மில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போடுவார்கள், லைனிங்கை மாற்றுவார்கள், மிச்சத்துக்கு முனீஸ்வரன்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நீள நேர்ப்பாதை முழுக்க முறுக்கிப் பிடித்து வந்து, திருப்பத்துக்காக ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும் நேரம் பார்த்துப் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலோடு வரும் எண்ணெயும் அந்த நொடியில் நின்றுபோகும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் நேர்ப்பாதையில் இடது கையின் இரண்டு விரலைக் கிளட்ச் லீவர் மேலேயே வைத்திருப்பார்கள். இன்ஜின் சத்தம் ஒரு இழை மாறினால் போதும், விரல் இழுத்துவிடும். புது ஆள் யார், பழைய ஆள் யார் என்று அந்த விரலைப் பார்த்தே சொல்லலாம்.

அப்ப அடிபட்டவங்க நிறையப் பேரா?

அடிபட்டார்கள். வைக்கோல் கட்டும் டயரும்தான் தடுப்பு. விமானத்தளம் என்பதில் ஒரு நன்மை: விழுந்தால் மோதச் சுவரோ மரமோ கிட்டத்தில் இல்லை, உருண்டுகொண்டே போகலாம். ஆனால் ஆர்வத்தில் கயிற்றைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும் கூட்டம் பெரிய ஆபத்து. இன்று எந்த சர்க்யூட்டிலும் இதையெல்லாம் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. பழசு என்பதாலேயே எல்லாம் பொன் ஆகிவிடாது.

பார்க்கப் போறது எப்படி? டிக்கெட்டா?

டிக்கெட் உண்டு. வேலி தாண்டி நுழைந்தவர்களும் உண்டு, அவர்கள்தான் இன்று சத்தமாகக் கதை சொல்கிறார்கள். செங்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டோ, ஒரு யெஸ்டியில் மூன்று பேராகவோ போவார்கள். சவுக்குக் கட்டையில் கட்டிய மேடை, தலையில் கைக்குட்டை, கையில் வெள்ளரிப்பிஞ்சு. நிழல் கிடையாது என்று முன்பே சொன்னேன். மத்தியானம் கடந்தால் தார் மேல் கானல் ஆடும். தூரத்தில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்னால் காதுக்குத் தெரியும். யெஸ்டியா ஆர்டியா என்று சத்தத்தை வைத்தே பந்தயம் கட்டிக்கொள்வோம். (பெட் இல்லை என்று மேலே எழுதியது கிளப்பைப் பற்றி. ஒரு கலர் சோடாவுக்குக் கட்டியது கணக்கில் வராது.)

பேடாக், அதாவது ரேஸுக்கு வண்டிகளைத் தயார் செய்யும் இடம், அந்தப் பக்கம் போய் வண்டிகளைக் கிட்டத்தில் பார்க்க முடிந்ததுதான் பெரிய விஷயம். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு பையன் தேவைப்பட்டால் அந்தப் பையன் நீங்களாகவும் இருக்கலாம்.

விஜய் மல்லையா அங்க ஃபார்முலா ஒன் கார் ஓட்டினாராமே?

ஓட்டினார். என்சைன் கார், பழைய ஃபார்முலா ஒன் வண்டி, இறக்குமதி செய்யப்பட்டது. கருணின் அப்பா விக்கி சந்தோக் போன்றவர்களும் அந்தக் காலத்துச் சோழவரம் ஆட்கள்தான். மற்றதெல்லாம் கார்காரர்களைக் கேளுங்கள்.

கரிவர்தன் யாரு? அவர் பேர்லதான் கோவை டிராக்கா?

ஆமாம். கோயம்புத்தூர்க்காரர், சோழவரத்தில் ஜெயித்தவர், அதைவிட முக்கியமாக வண்டி கட்டியவர். மாருதி இன்ஜினை வைத்து, நம் ஊர்ப் பையன்கள் கட்டுப்படியாகும் செலவில் ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை 1980களின் கடைசியில் வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் தலைமுறைக்கு ஏணி போட்டவர்களில் அவர் ஒருவர். 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். பட்டறைக்காரர்களைப் பற்றி மேலே புலம்பினேன் அல்லவா, அதற்கு விதிவிலக்கு இவர்: கையில் கிரீஸ் பட்டவர் பெயரில் ஒரு டிராக்கே இருக்கிறது.

அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?

இரவல் இடம். வருடத்துக்கு வருடம் அனுமதி கேட்டு, கொட்டகை போட்டு, முடிந்ததும் பிரித்து எடுத்துப் போக வேண்டும். நிரந்தரமாக ஒரு கட்டடம் கூட எழுப்ப முடியாது. வண்டிகளின் வேகமும் கூடிக்கொண்டே போனது. வைக்கோல் கட்டை நம்பி அதை நடத்த முடியாது. கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி டிராக் போட்டது. 1990இல் ரேஸ் அங்கே போய்விட்டது. முழு நீளம் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். இந்தியாவின் முதல் நிரந்தர ரேஸ் சர்க்யூட் அதுதான். யாரும் சோழவரத்தைப் பிடுங்கவில்லை, விரட்டவும் இல்லை. வளர்ந்த பிள்ளை தனிக்குடித்தனம் போன கதை.

அதான் நல்ல டிராக் கிடைச்சிருச்சே, பின்ன ஏன் இன்னும் புலம்பறீங்க?

நியாயமான கேள்வி. ஓட்டுகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை எல்லா வகையிலும் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருப்பங்கள் ஓட்டத் தெரிந்தவனைத் தெரியாதவனிடமிருந்து பிரித்துவிடும்.

எங்களுக்குப் போனது வேறு. வடசென்னைக்காரனுக்குச் சோழவரம் பக்கத்தில். இருங்காட்டுக்கோட்டை ஊரின் மறுகோடி. சோழவரத்தில் தட்டையான இடத்தில் முழு ரேஸும் ஒரே பார்வையில் விழும். இருங்காட்டுக்கோட்டையில் உங்கள் முன்னால் இருக்கும் திருப்பம் மட்டும்தான் உங்களுக்கு. கம்பெனி அணிகள் வந்த பிறகு தனிப்பட்டறை வண்டி அவர்களோடு மோதி ஜெயிப்பதும் அரிதாகிப்போனது. கம்பெனி அணிகள் இல்லாமல் ரேஸ் பிழைத்திருக்காது என்பதும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024ல தீவுத்திடல்கிட்ட நைட்ல நடந்துச்சே, அதுல பழைய ஃபீல் வந்துச்சா?

அது 3.5 கிலோமீட்டர் தெரு சர்க்யூட், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுகளில் நடந்தது, முழுக்கக் கார். பளபளப்பாக இருந்தது. எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. விளக்கெண்ணெய் இல்லாத ரேஸுக்கு நான் சரியான ஆளும் இல்லை.

உலகத்துல வேற எங்கயும் இப்படி ஏர்போர்ட்ல ரேஸ் விட்டாங்களா?

போர் முடிந்த பிறகு எல்லா இடத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஒரு போர்க்கால விமானத்தளம். 1950இல் முதல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. அமெரிக்காவின் சீப்ரிங்கும் அப்படித்தான். இங்கே கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர். இலங்கையில் களுத்துறை பக்கம் கட்டுக்குருந்த. வித்தியாசம் என்னவென்றால், சில்வர்ஸ்டோன் இருந்த இடத்திலேயே வளர்ந்தது. சோழவரம் இடம் மாறியது.

இப்ப போனா பார்க்கலாமா?

அரசு நிலம். "ஒரே ஒரு ரவுண்டு" என்று பைக்கோடு நுழையாதீர்கள்; காவலில் இருப்பவருக்கு உங்கள் சித்தப்பாவின் ஏக்கம் புரியாது. மேலே இருந்து எடுத்த படங்களில் ஓடுதளத்தின் கோடுகளைத் தேடிப் பார்க்கலாம். அதுவே போதும்.

ஒருத்தர் என் ஆர்எக்ஸ் 100ஐ "சோழவரம் ட்யூன்" பண்ணித் தர்றேங்கறார். பண்ணலாமா?

வேண்டாம். ட்யூனிங் கேள்வியில் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். கூம்பு சைலன்சரும் அராவிய சிலிண்டர் ஓட்டைகளும் உச்சச் சுழற்சியில்தான் சக்தி தரும். கீழே ஒன்றும் இருக்காது. அண்ணாசாலை சிக்னலில் வண்டி இருமிக்கொண்டு நிற்கும், பிளக் கறுத்துப் போகும், சத்தத்துக்குப் போலீஸ் நிறுத்துவார். வண்டியின் ஆயுள் சில ரேஸ் தாங்கினால் போதும் என்று நினைத்துச் செய்த வேலை அது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இலேயே நின்றுவிட்டது. அராவிய சிலிண்டரைத் திரும்ப வளர்க்க முடியாது. ரேஸ் ஆசை இருந்தால் அதற்கென்று தனி வண்டி, லைசென்ஸ், டிராக். ரோட்டில் ரேஸ் விடுகிறவர்கள் "சோழவரம் பரம்பரை" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. அங்கே எதிரே லாரி வராது.

அப்பாவோட பழைய போட்டோ ஒன்னு கிடைச்சிருக்கு, ரேஸ் வண்டியோட நிக்கறார். எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். ஆர்எக்ஸ் 100 என்றால் 1985க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. ராஜ்தூத் 350 என்றால் 1983 அல்லது அதற்குப் பிறகு. டேங்கில் ஜாவா என்று இருந்தால் 60கள் அல்லது 70களின் தொடக்கம், யெஸ்டி என்று இருந்தால் அதற்கு அடுத்த காலம். ஆனால் ரேஸ் வண்டியில் டேங்கையே மாற்றியிருப்பார்கள், அதனால் இன்ஜினைப் பாருங்கள். ஹெல்மெட் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருந்தால் பழைய காலம், முகத்தை மூடினால் பிந்தையது.

பிறகு பின்னணி. ஓரத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாநில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் சேர்ந்த இன்றைய முறை 1989இல்தான் வந்தது. அப்படிப்பட்ட பிளேட்டுகளாகவே தெரிந்தால் அது பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டை. தரை தட்டையாக, பின்னால் கட்டடமே இல்லாமல், டிரம்மும் வைக்கோலும் தெரிந்தால் சோழவரம் என்று நம்பலாம்.

அப்பாவிடம் கேட்க முடியுமென்றால் வருடத்தைக் கடைசியாகக் கேளுங்கள், அதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். முதலில் பக்கத்தில் ஸ்பேனரோடு குந்தியிருப்பவர் பெயரைக் கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலில் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.